செல் ஷீட் கிழிகிறதா? முதலில் மீடியத்தின் வெப்பத்தைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். வெப்பத்துக்கேற்ப மாறும் கல்ச்சர் டிஷ்ஷில் (செல் வளர்க்கும் தட்டில்) ரத்தக்குழாய் உள்சுவர் செல்களை வளர்க்கிறேன். செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய விரிப்பாக, அதாவது ஷீட்டாக, வளர்கின்றன. ஆனால் சில நாட்கள் மட்டும் அந்த ஷீட் உரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தும் பார்த்துவிட்டேன். பிப்பெட்டால் மீடியத்தை (செல்களுக்கான ஊட்டத் திரவத்தை) பீய்ச்சினால் கிழிந்துவிடுகிறது. டிரிப்சின் என்ற நொதியைப் போடலாமா?

பதில்: டிரிப்சின் வேண்டவே வேண்டாம். செல்களை டிஷ்ஷோடும் ஒன்றோடொன்றும் பிணைத்திருக்கும் புரதங்களை அது வெட்டிவிடும். கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது உதிரி செல்கள்தான். அதற்குச் சாதாரண டிஷ்ஷே போதுமே!

உங்கள் டிஷ்ஷின் அடியில் சுமார் 20 நானோமீட்டர் தடிமனில் ஒரு பாலிமர் படலம் இருக்கிறது. டோக்கியோவில் ஆய்வாளர் டெருவோ ஒகானோவின் குழு 1990 வாக்கில் உருவாக்கிய உத்தி இது. 37 டிகிரியில் படலம் நீரை விலக்கிச் சுருங்கிக் கிடக்கும், செல்கள் ஒட்டும். 32 டிகிரிக்குக் கீழே போனால் நீரை உறிஞ்சி விரியும். செல்களின் பிடி தளரும். நம் ஊர் மே மாதத்தில் ஏசி நின்றுபோன அறை அந்த 32-ஐ எளிதாகத் தொட்டுவிடும். ஆகவே சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை நம்பாமல், டிஷ்ஷில் உள்ள மீடியத்தையே அளந்து பாருங்கள். 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

அப்படியானால் 4 டிகிரி இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படலம் விரிவது பாதி வேலைதான். மீதியைச் செல்லே செய்கிறது: தன் உள்கூட்டை இழுத்து, உருவத்தை மாற்றி, தானாக எழும்புகிறது. அதற்கு ஆற்றல் வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தியைத் தடுத்தபோது உரிதலும் தடைப்பட்டதை ஒகானோ குழுவே காட்டியிருக்கிறது. நீங்கள் வளர்க்கும் வகைச் செல்களுக்கு ஏற்றதாக அவர்கள் கண்டதும் 20 டிகிரிதான். ஃப்ரிட்ஜ் குளிரில் செல் விறைத்துப்போய்விடும்.

தோசை வெந்தால் ஓரம் தானே எழும்பும். அதற்குள் திருப்பியைச் செருகினால் பிய்ந்துவிடும். இதுவும் அதே கணக்குதான். டிஷ்ஷை 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து, மீடியத்தைக் குறைத்து, ஷீட்டின் மேல் பிவிடிஎஃப் மெம்பரேனை (ஷீட்டைத் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வை) விரித்து அரை மணி நேரம் பொறுத்திருங்கள். ஓரத்தில் வெண்மையாக ஒரு விளிம்பு சுருண்டு எழுவது கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகு தூக்கலாம். மெம்பரேன் இல்லாமல் உரித்தால் செல்களின் உள்இழுவிசையில் ஷீட் சுருங்கிக் கூம்பிவிடும்.

வளர்க்கும் நாட்களில் இதற்கு நேர்மாறான கவனம் தேவை. மாற்றும் மீடியம் 37 டிகிரியில் இருக்கட்டும், மைக்ரோஸ்கோப்பில் அதிக நேரம் வைக்காதீர்கள்; குளிர்ந்தால் செல்களின் பிடி முன்கூட்டியே தளர்ந்துவிடும்.

இத்தனை பாடுபடுவது ஷீட்டின் அடிப்பக்கத்துக்காக. செல்கள் சுரந்த ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் அங்கே அப்படியே இருக்கும்; அதுதான் பசை. நோயாளிகளின் வாய் உட்சவ்விலிருந்து வளர்த்த ஷீட்டை, 4 பேரின் கருவிழியில் ஒரு தையலும் இல்லாமல் ஒட்ட வைத்ததாக ஜப்பானிய மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். ஆகவே மெம்பரேனோடு தூக்கிய ஷீட்டைப் புரட்டாமல், அடிப்பக்கம் கீழே இருக்கும்படியே புதிய இடத்தில் இறக்குங்கள்.