வயதானபின் கணினி எழுத்து மங்கலாகத் தெரிவது ஏன், என்ன செய்யலாம்?

வெள்ளெழுத்து என்பது, கண்ணின் வில்லை வயதோடு நெகிழ்வை இழந்து, அருகிலுள்ளதைக் கூர்மையாகக் காட்டத் தவறும் நிலை. பெரும்பாலும் 40 வயதுக்குப் பின் தெரியத் தொடங்கும். திருகோணமலையில் கோணேசர் மலையில் நின்று, தொலைவில் போகும் மீன்பிடி வள்ளத்தைத் தெளிவாகக் காணும் ஒருவர், கையிலுள்ள அர்ச்சனைச் சிட்டையை வாசிக்கக் கையை நீட்டிப் பிடிப்பது இதனால்தான். கணினித் திரையை அவ்வளவு தள்ளி வைக்க மேசையில் இடமிராது; ஆகவே எழுத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். உலாவியில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். விண்டோஸ் அமைப்புகளில், திரையில் தெரியும் எழுத்து முதலியவற்றின் அளவை (Scale) 125 அல்லது 150 சதவீதமாக்கலாம். திரையின் தெளிதிறனை, அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை: எழுத்து பெருத்தாலும் விளிம்பு கலங்கி, 'ன', 'ண' சுழிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் பிரித்தறிவது இன்னும் கடினமாகும். பெரிய எழுத்து கண்ணைச் சோம்பேறியாக்கும் என்பது தவறான எண்ணம். வில்லை இறுகுவது வயதினால், எழுத்தின் அளவினால் அன்று.