இடைக்கால ஸ்காண்டிநேவியப் பிரபுக்கள் துறவு மடங்களுக்கு நிலங்களை வாரி வழங்கியது ஏன்? பக்தி மட்டுமே காரணமா?

பக்தி உண்மையானதே. ஆனால் அது தனிமனிதருடைய பக்தியாக இருந்ததைவிட, ஒரு குலம் முழுவதும் சேர்ந்து பேணிய பக்தியாகவே இருந்தது என்பது என் கருத்து. டென்மார்க்கில் சீலாந்துத் தீவிலுள்ள சோரோ மடம் இதற்கு மிகத் தெளிவான சான்று.

12ஆம் நூற்றாண்டில் அத்தீவின் வலிமை வாய்ந்த ஹ்விடே குலத்தைச் சேர்ந்த அசர் ரிக், தம் சகோதரர்களுடன் சேர்ந்து சோரோவில் புனித பெனடிக்டின் ஒழுங்கு விதிகளைப் பின்பற்றிய பெனடிக்டீன் துறவியருக்கு ஒரு மடம் அமைத்தார்; பின்னர் தாமும் அங்கேயே துறவு பூண்டு, 1151இல் மறைந்தார். அவருடைய மகன் அப்சலோன் 1158இல் ரொஸ்கில்ட் ஆயரானார். அரசர் முதலாம் வால்டெமார் சிறுவயதில் அசர் ரிக்கின் வீட்டில்தான் வளர்ந்தார் என்பதை இங்கே மறக்கக் கூடாது; அரசவைச் செல்வாக்கும் மடத்தின் வளர்ச்சியும் ஒரே குடும்பத்திலிருந்து கிளைத்தவை. தந்தை தொடங்கிய மடம் நலிந்திருந்த நிலையில், அப்சலோன் 1161இல் எஸ்ரும் மடத்திலிருந்து அதே விதிகளை இன்னும் கடுமையாகப் பின்பற்றிய சிஸ்டர்சியத் துறவியரை வரவழைத்து, அதற்கு ஏராளமான நிலங்களை அளித்தார். அவர்கள் எழுப்பிய தேவாலயம் டென்மார்க்கின் தொன்மையான செங்கல் கட்டடங்களுள் ஒன்று. லுண்ட் பேராயராக உயர்ந்து 1201இல் இறந்த அப்சலோன் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவு நிலத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் பெற்றது என்ன? துறவியர் நாள்தோறும் செய்யும் வேண்டுதலில் கொடையாளிகளின் ஆன்மாக்களுக்கும் இடமுண்டு. மடத்துக்குள் கல்லறை கிடைப்பதோ, அந்த வேண்டுதலுக்கு மிக அருகில் துயில்வதாகும். மூதாதையர் நிலத்தில் வாரிசுகளுக்கும் உரிமை இருந்ததால், கொடை என்பது அவர்களுடைய பங்கைக் குறைப்பதே. அதனால் வழக்குகளும் எழுந்தன. தன் குலத்தார் அனைவரும் துயிலும் மடத்துக்கு நிலம் போகும்போது அந்த இழப்பை உறவினர் ஏற்பது எளிதாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குலத்தை ஒன்றாகப் பிணைத்து வைக்கும் இடமாகவும் மடம் விளங்கியதுதான் இங்கு எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

சுவீடனில் அரசர் மாக்னுஸ் எரிக்ஸன் 1346இல் வாட்ஸ்டெனா அரச மாளிகையைப் புனித பிர்கிட்டா நிறுவ விரும்பிய மடத்துக்கென எழுதிவைத்ததிலும் இதே போக்கு தென்படுகிறது. பிர்கிட்டாவும் உயர்குடியில் பிறந்தவரே.

1536இல் டென்மார்க்கில் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் சபைக்கு மாறிய சமயச் சீர்திருத்தம் நிலைபெற்றபின் மடங்களின் உடைமைகள் அரசுக்குச் சென்றன. சோரோவில் அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1586இல் ஒரு பள்ளியை நிறுவினார். ஹ்விடே குலத்தார் ஆன்ம நலனுக்காகக் கொடுத்த நிலங்களின் வருவாய் அதன்பின் மாணவர்களின் கல்விக்குச் செலவானது.