தைலம் நிற்கிறது, பேஜர் போய்விட்டது

கேள்வி: சில பொருள்கள் நூறு வருடம் விற்கின்றன, சில சீக்கிரமே மறைந்துவிடுகின்றன. ஏன்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவின் மளிகைக் கடையில் வளர்ந்தவன் நான். 1893-ல் தொடங்கிய அமிர்தாஞ்சன் இன்றும் எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வயதானவர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "ஆமாம், இதேதான்" என்பார்கள். தலைவலி மாறவில்லை, அந்த வாசனையும் மாறவில்லை.

கருவிகள் கதை வேறு. 1995-ல் இந்தியாவுக்கு வந்த, சின்னச் செய்திகளை மட்டும் காட்டும் பேஜர், செல்போன் கட்டணம் இறங்கியதும் போயே போய்விட்டது. கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கும் கையடக்க வாக்மேன் பரவாயில்லை: 1979-ல் வந்தது, ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பு 2010-ல்தான் நின்றது. அடுத்து வரும் கருவி பழையதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. சிக்கிய கேசட் நாடாவைப் பென்சிலால் சுற்றிக்கொடுத்த பக்கத்துக் கடை அண்ணன், இப்போது செல்போன் கண்ணாடி மாற்றுகிறார்.