விவாதத் தளத்தில் பதில்களைக் கிளை கிளையாகக் காட்டுவது நல்லதா, நேர வரிசையில் காட்டுவது நல்லதா?

கேள்வி கேட்டவர் ஒரு விவாதத் தளம் கட்டிக்கொண்டிருக்கிறார். வரும் பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நேரப்படி அடுக்குவதா, யாருக்கு யார் பதில் சொன்னார் என்று கிளை பிரித்துக் காட்டுவதா என்பதில் குழுவுக்குள் ஒத்துப்போகவில்லை என்கிறார். மின்கருவிகளைப் பழுதுபார்ப்பது பற்றிய ஒரு தளத்தில் ஏழு ஆண்டுகள் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநராக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு நிலை போதும். முதல் நிலையில் கேள்விக்கு நேரடியாக வந்த பதில்கள், தரத்தின்படி. ஒவ்வொரு பதிலின் கீழும் அதைப் பற்றிய பேச்சு, நேரப்படி. ஆனால் திரையில் எப்படிக் காட்டினாலும் சரி, எந்தப் பதில் எதற்கு வந்தது என்பதை ஒன்று விடாமல் சேமித்து வையுங்கள். திரையை அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். சேமிக்காமல் விட்ட உறவைப் பிறகு தேடி எடுக்க முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் தளம் முழுக்க நேர வரிசையில்தான் இருந்தது. ஒரு நாள் ஒருவர், போன் பேட்டரி உப்பியிருக்கிறது, என்ன செய்வது என்று ஒரு திரி, அதாவது தனி உரையாடல், தொடங்கினார். "இனிமேல் சார்ஜ் போடாதீர்கள், பயன்படுத்துவதை நிறுத்துங்கள்" என்று அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் எழுதினார். "அப்படியானால் போனை அணைத்து வைத்துவிடவா?" என்று கேட்டார் முதலாமவர். அதைப் பார்த்த உறுப்பினர் "ஆமாம், அதைத்தான் செய்யுங்கள்" என்று தட்டி அனுப்புவதற்குள் மூன்றாமவர் ஒருவர் நடுவில் வந்து, "ஊசியால் சின்னதாகக் குத்திக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டுவிட்டார். திரையில் அந்தக் கேள்விக்கு நேர்கீழே போய் உட்கார்ந்தது "ஆமாம், அதைத்தான் செய்யுங்கள்."

லித்தியம் பேட்டரியைக் குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். நான் அந்தத் திரியைத் திறந்தபோது இருபது நிமிடம் கடந்திருந்தது. நல்லவேளையாக யாரும் குத்தவில்லை. எழுதியவர் சரியாகத்தான் எழுதினார், படித்தவரும் கண்ணில் பட்டதைத்தான் படித்தார். ஒரு "ஆமாம்" தன் கேள்வியை விட்டுப் பிரிந்து இன்னொரு கேள்வியோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நேர வரிசையில் இது தினமும் நடக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாத விஷயங்களில் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

மேற்கோள் காட்டிப் பதில் எழுதச் சொல்லலாமே என்பார்கள். சொன்னோம். பாதிப் பேர் செய்யவில்லை. செய்தவர்கள் முழுப் பதிவையும் மேற்கோளாக இழுத்துவந்து, அதன் கீழே "நன்றி" என்று ஒரே சொல் எழுதினார்கள். மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் இன்னொன்று என்று பெட்டிகள் அடுக்காகி, புதிதாக எழுதிய வரி எது என்று தேட வேண்டியதாயிற்று.

உண்மையில் இந்தச் சிக்கல் இணையத் தளங்களைவிடப் பழையது, தீர்வும் அப்படித்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரு மாணவர்கள் 1979இல் யோசித்து, 1980இல் ஓடத் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினி விவாத வலையில், ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளக் குறி வைக்கும் வழக்கம் வந்தது. நீங்கள் பதில் எழுதினால், அதன் தலைப்பகுதியில் 'ரெபரென்சஸ்' என்ற வரியில், நீங்கள் எதற்குப் பதில் எழுதுகிறீர்களோ அந்தத் தாய்ச் செய்தியின் குறி சேரும். தாய் மட்டுமில்லை, பாட்டி, பூட்டி என்று மேலே உள்ள முன்னோர்களின் குறிகளும் வரிசையாகச் சேரும். மின்னஞ்சலுக்கான 1982ஆம் ஆண்டின் ஆர்எப்சி 822 தரத்திலும் இதே பெயரில் ஒரு வரி உண்டு. ஏன் இத்தனை தலைமுறை? தாய்ச் செய்தி உங்கள் கணினிக்கு இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். அப்போது குழந்தையைப் பாட்டியோடு சேர்த்துவைக்கலாம், அனாதையாக விடவேண்டாம்.

நெட்ஸ்கேப் என்ற பழைய இணைய உலாவியின் மின்னஞ்சல் நிரலில் செய்திகளை இழையாகக் கோக்கும் முறையை எழுதிய ஜேமி சவின்ஸ்கி இதில் ஒரு படி மேலே போனார். காணாமல்போன தாய்ச் செய்தியின் இடத்தில் ஒரு வெற்றுக் கூட்டை வைத்து, பிள்ளைகளை அதன்கீழ் நிறுத்தினார். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பதிவை நீக்கும்போது அதன் கீழிருந்த பதில்களையும் சேர்த்து அழித்துவிடும் தளங்களைப் பார்க்கிறேன். ஒருவர் கோபத்தில் தன் பதிவை எடுத்துக்கொண்டால், அவருக்குப் பொறுமையாக எழுதிய பத்துப் பேரின் உழைப்பும் போய்விடுகிறது. "நீக்கப்பட்டது" என்று ஒரு வெற்றுக் கூட்டை விட்டுவையுங்கள், பிள்ளைகள் இருக்கட்டும்.

அப்படியானால் முழுக் கிளையமைப்பே வைக்கலாமே? அதையும் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தோம். முதல் தொல்லை அகலம். போன் திரை 360 பிக்சல் அகலம் என்று வையுங்கள். நிலைக்கு 24 பிக்சல் உள்தள்ளினால், பத்தாவது நிலையில் 240 போய் 120தான் மிச்சம். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு வரிக்கு ஒரு சொல் நின்றால் பெரிது. வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ் 2008 இறுதியில் 2.7 பதிப்பில் கிளைப் பின்னூட்டங்களைக் கொண்டுவந்தது. அதில் இயல்பாக ஐந்து நிலைதான், அமைப்பில் மாற்றினாலும் பத்தைத் தாண்டாது.

அதைவிடப் பெரிய தொல்லை, திரும்பி வருபவருக்கு. காலையில் படித்துவிட்டுப் போனவர் மாலையில் வந்தால் புதிய பதில்கள் எங்கே இருக்கின்றன? மேலே ஒன்று, நடுவில் மூன்று, மடித்துவைத்த கிளைக்குள் ஒன்று. நேர வரிசையில் விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டே போகலாம். கிளையில் மரம் முழுக்க மறுபடி ஏறி இறங்க வேண்டும். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டேக் ஓவர்ப்ளோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெப் அட்வுட், விவாதங்கள் தட்டையாகவே இருக்கட்டும் என்று 2012இல் வாதாடினார். 2013இல் அவர் குழு வெளியிட்ட டிஸ்கோர்ஸ் என்ற விவாதத் தள மென்பொருள், பதிவுகளை நேரப்படி காட்டும். ஆனால் எது எதற்குப் பதில் என்ற தொடர்பை விட்டுவிடவில்லை. பதிவின் மூலையில் தட்டினால் தாய்ப் பதிவு அங்கேயே விரியும். அவருடைய வாதம் முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஐம்பது பதிலுக்கு மேல் போகும் கேள்வி பதில் திரிக்குத் தட்டை வரிசை ஒத்துவராது. ஆனால் பத்துப் பேர் கூடிப் பேசும் சிறு குழுவுக்கும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் செய்திக்கும் நேர வரிசையே சரி, அங்கே வேறெதுவும் வேண்டாம்.

முதல் நிலையைத் தரப்படி அடுக்கச் சொன்னேன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆதரவு ஓட்டின் சதவீதத்தை வைத்து அடுக்கினால், ஒரே ஓட்டு, அதுவும் ஆதரவு என்று வாங்கிய பதில் 100 சதவீதத்தோடு முதலில் நிற்கும். ஐம்பதில் நாற்பது வாங்கிய பதில் 80 சதவீதத்தோடு கீழே போகும். எட்வின் வில்சன் 1927இல் தந்த ஒரு புள்ளியியல் சூத்திரம் இதற்கு உதவும். இத்தனை ஓட்டை வைத்துப் பார்த்தால் உண்மையான ஆதரவு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று அது கேட்கும். 95 சதவீத நம்பகத்தோடு கணக்குப் போட்டால் முதல் பதிலுக்குச் சுமார் 21 சதவீதம், இரண்டாவதற்குச் சுமார் 67. வரிசை சரியாகிவிடுகிறது. விவாதத் தளமான ரெட்டிட் 2009இல் 'பெஸ்ட்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான். வெறும் கூட்டலில் அடுக்கினால் முதலில் வந்த பதிலே மேலே நின்று, மேலே நிற்பதாலேயே இன்னும் ஓட்டு வாங்கும். தாமதமாக வந்த நல்ல பதிலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சேமிப்பு எளிது. ஒவ்வொரு பதிவோடும் தாய்ப் பதிவின் எண், திரியின் எண், எழுதிய நேரம் மூன்றையும் வையுங்கள். மரத்தை ஒரே வினவலில் இறக்க வேண்டுமானால், தன்னையே அழைக்கும் வினவல், தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் 1999 முதலே இருக்கிறது.

நாங்கள் கோட்டைவிட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தாய் எண்ணைச் சேமிக்கத் தொடங்கிய பிறகும் பாதிப் பதிவுகளில் அது தவறாகவே இருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு பெரிய எழுதும் பெட்டி இருந்தது. எல்லோரும் கீழே வரை படித்துவிட்டு அதிலேயே எழுதினார்கள், அதெல்லாம் கேள்விக்கான நேரடிப் பதிலாகப் பதிவானது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் பதில் பொத்தான் வைத்து, தட்டினால் அங்கேயே பெட்டி திறக்கும்படி செய்தோம். பெட்டியின் தலையில், நீங்கள் எந்த வரிக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்று தாய்ப் பதிவின் முதல் வரி தெரியும். இடம் மாறி விழுந்த பதிலை மட்டுறுத்துநர் தூக்கி உரிய தாயின் கீழ் வைக்கவும் வழி செய்தோம். பேட்டரித் திரியில் அந்த "ஆமாம்" இப்போது அணைத்து வைக்கவா என்ற கேள்வியின் கீழே இருக்கிறது. ஊசிக் கேள்வியின் கீழே நான் எழுதிய எச்சரிக்கை இருக்கிறது.