படம் வரைந்த ஐஸ்பெட்டி: வாங்கியவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: பிளாஸ்டிக் ஐஸ்பெட்டியில் பெயரும் படமும் கையால் வரைந்து பரிசாகக் கொடுப்பது. ஆர்டர் கொடுத்து வாங்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள், தாமே பிரஷ் பிடித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: தோழியின் திருமணத்துக்குப் பெட்டியின் நான்கு பக்கமும் கடற்கரைக் காட்சி வரைந்து வாங்கிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். முதல் முறை ஐஸ் நிரப்பிய அன்றே, மூடியிலிருந்து வழிந்த தண்ணீர் பட்டு பெயின்ட் தகடு தகடாக உரிந்துவிட்டது. விற்றவர், "இது அலங்காரப் பொருள், தண்ணீர் பட்டால் நான் பொறுப்பில்லை" என்கிறார். தோழியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட வேண்டியவர் அவர். நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? ஐஸ் வைக்கும் பெட்டியை விற்றுவிட்டு, தண்ணீர் படக் கூடாது என்று பிறகு சொல்வது ஏமாற்று வேலை. அலங்காரத்துக்கு மட்டும்தான் என்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறதா? உரிந்த இடத்தில் தெரியும் பிளாஸ்டிக், கடையில் பார்த்த அதே பளபளப்போடு இருக்கிறதா? அப்படியென்றால் அவர் உப்புத்தாளே போடவில்லை. தேய்த்த பிளாஸ்டிக் மங்கிப்போய் மெல்லிய கீறல்களோடு தெரியும். துண்டின் அடிப்பக்கத்தையும் உரிந்த இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி.

"சொல்லிச் செய்த பொருளைத் திருப்பி வாங்க முடியாது" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இத்தகைய பொருளுக்குப் பொதுவாகக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை அதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு, மனம் மாறியவர்களுக்கானது. செய்த வேலையில் குறை இருந்தால் கதையே வேறு. பணம் வேண்டும், அல்லது புதிதாகச் செய்து தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமும் அதே அடியில்தான் நிற்கிறது, அடுத்த முறை அது உரியும்.

கேள்வி: வெளியே அழகாக வந்துவிட்டது. உள்பக்கமும் நீலம் அடித்தால் எடுப்பாக இருக்குமே?

பதில்: அடிக்காதீர்கள். உள்ளே சாப்பிடுவதும் குடிப்பதும் வைப்பார்கள். "நச்சற்றது" என்று டப்பாவில் போட்டிருப்பது, வரைபவருக்குத் தீங்கில்லை என்பதற்காக. உணவோடு படலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மூடியின் உள்விளிம்பும், ரப்பர் வளையம் உட்காரும் இடமும்கூட உள்பக்கம்தான்.

கேள்வி: "எல்லாப் பரப்பிலும் ஒட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெயின்ட் வாங்கி நானே வரைந்தேன். நகத்தால் சுரண்டினாலே வருகிறது. பெயின்ட் போலியா?

பதில்: பெயின்ட் அசலாகவே இருக்கலாம். போலி, அந்த வாசகம். இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஸ்பெட்டியின் ஓடு பெரும்பாலும் பாலிஎதிலீன். சிலவற்றில் பாலிப்ரொப்பிலீன். இரண்டும் எதையும் தன்மேல் ஒட்டவிடாத பிளாஸ்டிக்குகள். பசையே அதில் சரியாகப் பிடிக்காது. ஈரமான பெயின்ட் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராகத்தான் நிற்கிறது. பரவி, கவ்வி உட்கார வேண்டிய பெயின்ட் மேலோட்டமாகக் காய்ந்து ஒரு தோலாகிறது, தோல் உரிகிறது. தொழிற்சாலையில் இதே பிளாஸ்டிக் புட்டியில் பெயர் அச்சிடும் முன் தீச்சுடரையோ மின்பொறியையோ மேற்பரப்பில் பாய்ச்சி, ஒட்டும் பக்குவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தொழிற்சாலைக்கே அவ்வளவு பாடு.

இது பெயின்ட் தயாரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதற்கு ஆதாரம் டப்பாவின் பின்பக்கத்திலேயே இருக்கும்: "பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் பரப்புகளுக்கு ஏற்றதல்ல." கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து. முன்னால் "எல்லாப் பரப்பிலும்", பின்னால் வீட்டில் பாதிப் பிளாஸ்டிக்கை விலக்கி ஒரு வரி! நான் ஒரு தண்ணீர் டிரம்முக்காக இப்படி ஒரு டப்பாவை வாங்கி, ஒரு மழையோடு மொத்தப் பெயின்ட்டும் போயிற்று. கடைக்காரர் பின்பக்கத்து வரியை விரலால் காட்டி, "போட்டிருக்கிறதே" என்றார். முன்னால் ஒரு வாக்குறுதியும் பின்னால் அதற்கு மறுப்பும் அச்சிடுவது நியாயமில்லை. வாங்குபவர் படிக்கவில்லை என்று பழிபோடும் முன், படிக்கிற அளவில் போட்டார்களா என்று கேட்க வேண்டும். விலக்கு உண்டென்றால் முன்பக்கத்திலேயே, வாக்குறுதி இருக்கும் அதே அளவு எழுத்தில் போடட்டும்.

சரி, இனி என்ன செய்வது? பெட்டியின் அடியில் முக்கோணக் குறி இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4 என்றால் பாலிஎதிலீன், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். ப்ரைமர், அதாவது கலர் பிடித்து நிற்க அடியில் அடிக்கும் பூச்சு, வாங்கும்போது அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் டப்பாவில் ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் முதலில் அடிக்கும் பிடிமான ஸ்ப்ரே இதற்கும் உதவும், பம்பரும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைதான்.

முழுப் பெட்டியில் இறங்கும் முன் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துவிடுங்கள். தேய்த்து, துடைத்து, ப்ரைமரும் கலரும் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிளேடால் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய கோடுகள் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் தைரியமாக வரையலாம். டேப்போடு சதுரம் சதுரமாக வந்தால் அந்தப் பொருளை நம்பாதீர்கள். பெயின்ட் தொழிலில் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு டி3359 என்று எண் கொடுத்திருக்கும் சோதனையும் இந்த முறைதான்.

கேள்வி: மறுநாள் பிறந்தநாள் என்பதால் ஒரே நாளில் செய்து தரச் சொன்னேன். தந்தார். காகிதம் சுற்றிக் கொண்டுபோனேன், காகிதம் படத்தில் ஒட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் போய்விட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: எதற்கு? ஒரே நாளில் வேண்டும் என்று கேட்டது நீங்கள். பிறந்தநாள் தேதி போன வருடமே தெரியுமே!

தொட்டால் ஒட்டாமல் இருப்பது ஒன்று, உள்வரை இறுகுவது வேறொன்று. அக்ரிலிக் பெயின்ட் அரை மணி நேரத்தில் கைக்குக் காய்ந்துவிடும். மேலே பூசும் தண்ணீர்வகை வார்னிஷ் முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் காகிதமோ துணியோ அழுத்திச் சுற்றினால் ஒட்டத்தான் செய்யும். ஆறு வாரம் முன்னதாக ஆர்டர் கொடுங்கள். ஒரு நாளில் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டவரும் செய்தது தப்புதான், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் இந்த வழக்கில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை.

கேள்வி: மாமாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக வந்துவிட்டது. போனில் தெளிவாகத்தான் சொன்னேன்.

பதில்: காதால் கேட்டதை வரைந்தவர் எழுதினார். பெயரையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். பென்சிலில் வரைந்த நிலையிலேயே படம் கேட்டு, எழுத்தெழுத்தாகப் படித்துச் சம்மதம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தப்பு வந்தால் முழுச் செலவும் அவருடையது.

கேள்வி: தெர்மாகோல் பெட்டியில் ஸ்ப்ரே அடித்தேன். குழி குழியாக உருகிவிட்டது.

பதில்: ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக், பிரஷ்: அவ்வளவுதான் அதற்கு.

கேள்வி: பெட்டி விலையைவிட வரைகிற கூலி இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கொள்ளையாக இல்லையா?

பதில்: இல்லை. கீல், கொக்கி, கைப்பிடியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, பிறகுதான் ப்ரைமர். ஓட்டில் பதிந்திருக்கும் கம்பெனிப் பெயரைப் பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் மறுபடி தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அதற்குமேல் வெள்ளை, அதற்குமேல் பென்சில் கோடு. படம் தொடங்குவதே அப்புறம்தான். மூடி பல பெட்டிகளில் பொரிப்பொரியாக இருக்கும், அதில் நேர்க்கோடு இழுப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். இவ்வளவையும் செய்கிறவருக்குக் கூலி கொடுங்கள். பேரம் பேசினால் முதலில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாத அடிவேலைதான், படம் அதே அழகோடு வந்து சேரும், பிறகு உரியும்.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "படத்துக்கு அடியில் என்ன போடுகிறீர்கள், மேலே என்ன போடுகிறீர்கள்?" வேலை தெரிந்தவர் ப்ரைமர் பெயர், வார்னிஷ் பெயர், எத்தனை பூச்சு என்று மளமளவென்று சொல்வார். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பழைய வேலை ஒன்றின் படத்தையும் கேளுங்கள், ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு எடுத்ததாக.

கேள்வி: வெள்ளைப் பெட்டி. வரைந்து முடித்து மேலே பாலியூரித்தேன் பூசினேன். பேனாவால் இழுத்த கறுப்புக் கோடுகள் இழுபட்டுப் பரவின. சில மாதத்தில் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டது.

பதில்: உங்களுக்காக வருத்தப்படுகிறேன், கோட்டு வேலை போனால் மனசு விட்டுப்போகும். எண்ணெய்வகைப் பாலியூரித்தேன் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும். எப்போக்சி பிசினும் வெயிலில் மஞ்சளாகும். தண்ணீர்வகை தெளிவார்னிஷ் வாங்குங்கள். மார்க்கர் கோட்டின்மேல் நேராகப் பிரஷ் வைக்கக் கூடாது. முதலில் நிறமில்லாத வார்னிஷ் ஸ்ப்ரேயை எட்டப் பிடித்துத் தூவலாக அடித்து, காயவிட்டு, இன்னொன்றும் அடித்து, அதன்மேல்தான் பிரஷ். இந்தக் கலவை அந்த மைக்குச் சேருமா என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஸ்ப்ரே அடித்தால் பால் படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும், அந்த நாளைத் தவிருங்கள்.

கேள்வி: மகனுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவத்தை வரைய மாட்டேன் என்கிறார். வீம்பா?

பதில்: வீம்பு இல்லை. அந்த உருவம் இன்னொருவருக்குச் சொந்தம், வரைந்து விற்றால் வம்பு அவருக்கு. மகன் கையால் வரைந்த படம் ஒன்றைக் கொடுங்கள், அதைப் பெட்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பரிசு கொடுத்த வீட்டில் கம்பி நாரால் தேய்த்துக் கழுவி, படத்தைக் கீறிவிட்டார்கள். விற்றவரிடம் கேட்கலாமா?

பதில்: கம்பி நாருக்கு எந்த வார்னிஷும் தாங்காது. பராமரிப்புக் குறிப்பு எதுவுமே தராமல் விற்றிருந்தால் அதைச் சொல்லிச் சலுகை கேட்டுப் பாருங்கள், முழுப் பணம் கேட்க நியாயமில்லை. கீறல் வார்னிஷோடு நின்றிருந்தால் கழுவிக் காயவைத்து மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், கலரே போயிருந்தால் வரைந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த பெட்டியோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர், ஸ்பிரிட் வேண்டாம், தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மூடியில் கருநிறம் கேட்கும் எண்ணம் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள், வெயிலில் கறுப்பு மூடி சூட்டை இழுக்கும், ஐஸ் சீக்கிரம் கரையும்.