இடித்தவரை விடுங்கள், பூட்டி வைத்தவரைக் கேளுங்கள்

கேள்வி: சென்னையின் முதல் தியேட்டரான கெயிட்டி போய்விட்டது. சாந்தி, ஆனந்த், சஃபையர் எல்லாமே போய்விட்டன. லாபத்துக்காக வரலாற்றை இடிக்கும் தியேட்டர் முதலாளிகளை அரசு ஏன் தடுக்கவில்லை?
(ஒரு வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: முதலில் ஒரு திருத்தம். கெயிட்டி சென்னையின் முதல் தியேட்டர் அல்ல. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டியது அது. சென்னையில் நம்மவர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் சினிமா கொட்டகை என்பதுதான் அதன் பெருமை. அதற்கு முந்தைய வருடமே வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கிவிட்டார். அந்தக் கட்டடம் இடிபடவே இல்லை. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது, உள்ளே தபால்தலை விற்கிறார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். போனீர்களா?

எலெக்ட்ரிக்கில் படம் ஓடியது கொஞ்ச காலம்தான். 1915-ல் தபால் இலாகா அதை வாங்கிவிட்டது. அதனால்தான் பிழைத்தது என்பேன். தொடர்ந்து தியேட்டராகவே இருந்திருந்தால் பக்கத்திலிருந்த வெலிங்டன் மாதிரி அதுவும் ஒரு வணிக வளாகமாகியிருக்கும்.

இனி உங்கள் முதலாளிகளுக்கு வருவோம். சாந்தி 1961, ஆனந்த் 1962, சஃபையர் 1964. இவை கட்டப்பட்டபோது ஒரு படத்துக்குச் சென்னை முழுக்கச் சில தியேட்டர்கள்தான் கிடைக்கும். பார்க்க வேண்டுமென்றால் மவுண்ட் ரோட்டுக்கு வந்தாக வேண்டும். நூறு நாள், வெள்ளிவிழா எல்லாம் அப்படி ஓடியவைதான். ஆயிரம் பேர் உட்காரும் ஹாலுக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்றைக்குப் படச்சுருள் பெட்டி கிடையாது, டிஜிட்டல். ஒரே வெள்ளிக்கிழமை ஊரெங்கும் ரிலீஸ், திங்கட்கிழமை வசூல் படுத்துவிடுகிறது. அதே ஆயிரம் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டாவது வாரம் என்ன செய்வது? வண்டி நிறுத்த இடமில்லை, டிக்கெட் விலையும் அரசு வைத்ததுதான். நிலத்தின் விலையோ மவுண்ட் ரோட்டு விலை. ‘நஷ்டத்தில் நடத்து, வரலாறு முக்கியம்’ என்று ஒருவருக்கு உத்தரவு போடுவதானால் அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. சரி, அரசும்தான் சொல்லவில்லை. கெயிட்டியை இடித்தது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அது கோபமாக மாற மறுக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே சிவப்பாக நிற்கிறதே விக்டோரியா பப்ளிக் ஹால், அதற்கு எந்த முதலாளியும் கிடையாது. விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883-ல் அடிக்கல் நாட்டினார். வரைபடம் சிஷோல்ம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1880-களின் கடைசியில் எழுந்த கட்டடம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபா இங்கேதான் நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலையில் வேஷம் கட்டிக்கொண்டு மேடையேறினார்கள். கூத்தாடிகள் என்று கேவலமாகப் பேசப்பட்ட தொழிலுக்குப் படித்தவர்கள் மத்தியில் ஒரு மரியாதை வந்ததில் இந்த மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. 1897-ல் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான். சென்னை முதன்முதலில் சலனப்படம் பார்த்ததும் இங்கே என்றுதான் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

இத்தனை பெருமையும் உள்ள கட்டடம் எத்தனை காலம் சிதிலமாகக் கிடந்தது! குத்தகைத் தகராறு, கோர்ட்டு, அப்புறம் வாசலில் மெட்ரோ வேலை. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை பக்கத்துக் காம்பவுண்டு. ஜன்னலைத் திறந்தால் தெரியும் தூரம். முழுமையான சீரமைப்பு 2023-ல்தான் தொடங்கியது. தனியார் விற்றால் பேராசை என்கிறோம், அரசுக் கட்டடத்தில் செடி முளைத்தால் அதற்குப் பெயர்கூட வைப்பதில்லை.

இதற்கு நேர்மாறு எழும்பூர் மியூசியம் தியேட்டர். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896-ல் திறந்தது. அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் இருக்கைகள். வெள்ளைக்காரர்களின் ஆங்கில நாடகத்துக்குக் கட்டிய இடத்தில் இன்றைக்கும் நம் குழுக்கள் ஒத்திகை பார்த்து நாடகம் போடுகின்றன. அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது இதுதான், அங்கே நாடக வேலை நிற்கவில்லை.

1931 அக்டோபரில் தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரல், பின்னாளில் முருகன் தியேட்டராகி, அதுவும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்க நிலத்தை யாரும் விற்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

உங்கள் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாமல் மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். விக்டோரியா ஹால் மேடை சின்ன நாடகக் குழுக்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும், என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.