திருத்தம் போட முடியாது, செவர்ன்தான் நீளம்

கேள்வி: போன இதழ்ல பிரிட்டன்லயே நீளமான நதி செவர்ன்னு போட்டிருந்தீங்க. நாங்க ஸ்கூல்ல படிச்ச காலத்துல இருந்து தேம்ஸ்தானே? திருத்தம் போடுவீங்களா? அப்புறம், யாருமே கேள்விப்படாத ஒரு ஆத்துக்கு அரைப் பக்கம் எதுக்கு சார்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: திருத்தம் போட முடியாதுங்க, ஏன்னா அது தப்பு இல்ல. செவர்ன் 354 கிலோமீட்டர், தேம்ஸ் 346. எட்டே கிலோமீட்டர்தான் கூட, ஆனாலும் கூடத்தானே? குழப்பம் எங்க வருதுன்னா, முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள்ளயே ஓடுற ஆறுகள்ல நீளமானது தேம்ஸ், அது சரி. செவர்ன் பொறக்கறது வேல்ஸ்ல, அதனால அந்தக் கணக்குல வராது. "இங்கிலாந்துக்குள்ள"ங்கிற ஒரு சொல்லை விட்டுட்டு மனப்பாடம் பண்ணினா மொத்தமும் மாறிடுது. ஓடுற தண்ணியோட அளவுல பாத்தாலும் இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து செவர்ன்தான் முதல்.

உங்க ரெண்டாவது கேள்விதான் என்னை உறுத்துது. "யாருமே கேள்விப்படாத ஆறு". நாம தேம்ஸைத் தெரிஞ்சு வச்சிருக்கறது அந்த ஆத்துக்காக இல்லைங்க, அது கரையில லண்டன் இருக்கறதால. அது ஊரைத் தெரிஞ்சுக்கறது, ஆத்தைத் தெரிஞ்சுக்கறது இல்ல. செவர்ன் கரையில தலைநகரம் இல்ல, அவ்வளவுதான் அது பண்ணின பாவம்.

வேல்ஸ்ல பிளின்லிமன்னு ஒரு மலை, அங்க சுமார் 610 மீட்டர் உயரத்துல சதுப்பு நிலத்துல இருந்து செவர்ன் கிளம்புது. அதே மலையில வை, ரைடால்னு இன்னும் ரெண்டு ஆறும் பொறக்குது. இந்த மூணையும் அக்கா தங்கச்சிங்களா வச்சு அந்த ஊர் ஜனங்க ஒரு கதை சொல்லுவாங்க, மூணு பேரும் கடலைப் பாக்கக் கிளம்பினாங்களாம், ரைடால் நேரா மேற்கே குறுக்கு வழியில போயிட்டா, வை அழகான காடு மலை பாத்து நடந்தா, செவர்ன் மட்டும் ஊர் ஊரா மனுஷங்களைப் பாத்துட்டுதான் போவேன்னு சுத்துவழி புடிச்சாளாம். மேப்பை எடுத்துப் பாருங்க, அந்தக் கதையில சொன்ன மாதிரியேதான் இருக்கு. முதல்ல வடகிழக்கே போய், ஷ்ரூஸ்பரி ஊரைக் கிட்டத்தட்ட முழுசா ஒரு சுத்து சுத்திட்டு, தெற்கே திரும்பி உஸ்டர், டூக்ஸ்பரி, குளோஸ்டர் வழியா பிரிஸ்டல் கால்வாய்ங்கிற கடல் பகுதியில சேருது. கடைசியில செப்ஸ்டோ பக்கத்துல வையும் வந்து செவர்னோட கலந்துடுது. அந்தத் தெற்குத் திருப்பம்கூட ஆதியில இருந்து இருந்தது இல்ல, மேல் பகுதி ஒரு காலத்துல வடக்கே ஐரிஷ் கடல் பக்கமா போனதுதான், ஐஸ் ஏஜ்ல பனிப்பாளம் வந்து வழியை அடைச்சதும் தெற்கே அறுத்துக்கிட்டு ஒரு பள்ளத்தாக்கே உண்டாயிடுச்சு.

அந்தப் பள்ளத்தாக்குக்காகத்தான் அரைப் பக்கம் ஒதுக்கினேன். நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல், மூணும் அங்க பக்கத்துப் பக்கத்துல கிடைச்சுது, சரக்கை ஏத்திவிட ஆறும் இருந்துச்சு. 1709ல ஆபிரகாம் டார்பி அங்க கோல்புரூக்டேல்ல மரக்கரிக்குப் பதிலா, நிலக்கரியைச் சுட்டு எடுக்கற கோக் கரி போட்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அதுவரைக்கும் இரும்பு வேணும்னா காட்டை வெட்டித்தான் ஆகணும்ங்கிற நிலைமை, அது மாற ஆரம்பிச்சது இங்கதான். அவரோட பேரன் மூணாவது ஆபிரகாம் டார்பி, செவர்ன் மேல உலகத்தோட முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தைக் கட்டினார். டிசைன் போட்ட தாமஸ் பிரிட்சர்ட் பாலத்தைப் பாக்காமலே 1777ல இறந்துட்டார். ஒரே வளைவு, ஒரு கரையில இருந்து மறு கரைக்கு முப்பது மீட்டர், சுமார் 378 டன் இரும்பு. இரும்புல இவ்வளவு பெரிசா யாரும் கட்டினது கிடையாதே, துண்டுகளை எப்படி ஒண்ணா சேக்கறது? தச்சர் வேலைதான் கைகொடுத்துச்சு. கதவு நிலைக்குத் துளை போட்டு, கழுந்தை நுழைச்சு, ஆப்பு அடிச்சு இறுக்குவாங்களே, அதே மாதிரி இரும்பை வார்த்து மாட்டியிருக்காங்க. இன்னிக்கும் போய் பக்கத்துல நின்னு பாத்தா அந்த ஆப்பு தெரியும். டோல் கட்டண போர்டுகூட இன்னும் இருக்கு, அதுல சிப்பாயா இருந்தாலும் தபால் வண்டியா இருந்தாலும் ராஜ குடும்பமே வந்தாலும் காசு குடுக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க.

1795 பிப்ரவரியில பெரிய வெள்ளம். செவர்ன் மேல இருந்த பாலங்கள் பலதும் அடி வாங்குச்சு, சிலது அடிச்சிக்கிட்டே போயிடுச்சு. இரும்புப் பாலம் அசையல. ஆத்துக்கு நடுவுல தூணே கிடையாது, கம்பிக்கு இடையில தண்ணி பூந்து போயிடுது, எதை முட்டும்? அதுக்கப்புறம்தான் இரும்பை நம்பிப் பாலம் கட்டலாம்னு மத்தவங்களுக்கும் தைரியம் வந்துச்சு.

இன்னொண்ணு, கடல் ஏத்தம். ஆறு கடல்ல சேர்ற இடம் புனல் மாதிரி, ஏவன்மவுத் பக்கம் சுமார் எட்டு கிலோமீட்டர் அகலம், மேல மின்ஸ்டர்வொர்த் வந்தா நூறு மீட்டர்கூட இல்ல. ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல நீர்மட்டம் 14 மீட்டர் வரைக்கும் மாறுது, உலகத்துலயே ரொம்ப அதிகமான இடங்கள்ல அது ஒண்ணு. அவ்வளவு தண்ணியும் நெருக்கியடிச்சு உள்ள வரும்போது ஒரே அலையா எழும்பி ஆத்துக்கு எதிரா ஏறுது, அமாவாசை பௌர்ணமி கழிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்ல, அதுலயும் பகலும் ராத்திரியும் சமமா இருக்கற மார்ச், செப்டம்பரை ஒட்டி ரொம்பப் பெரிசு, ரெண்டு மீட்டர் வரைக்கும். முதல்ல ஆறு அமைதியா கீழ போயிட்டிருக்கும், அப்புறம் தூரத்துல இரைச்சல் கேக்கும், அலை தாண்டிப் போனதும் பாருங்க, மிதந்துக்கிட்டு இருந்த மரக்கட்டை எல்லாம் வந்த வழியே மேல ஏறிப் போகும். எத்தனை மணிக்கு எந்த ஊர்ல வரும்னு முன்கூட்டியே பட்டியல் போட்டுடுறாங்க. 1955ல ஜாக் சர்ச்சில்னு ஒரு ராணுவ அதிகாரி பலகை போட்டு அது மேல சவாரி பண்ணினார், அதுல இருந்து சர்ஃபிங் பண்றவங்க கூட்டம் வருது.

அந்த ஆறு சாதுவும் இல்ல. உஸ்டர்ல கதீட்ரல் பக்கத்துல ஆத்துக்கு இறங்கற வாசல் சுவர்ல ஒவ்வொரு பெரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு கோடு செதுக்கி வருஷம் போட்டிருக்காங்க, 1770, 1947னு. 2007 ஜூலையில டூக்ஸ்பரி தீவாவே ஆயிடுச்சு, பக்கத்துல இருந்த குடிநீர் சுத்திகரிப்பு நிலையமும் முழுகிப்போச்சு, சுமார் மூன்றரை லட்சம் பேருக்குக் குழாய்ல தண்ணி வரல, சில இடத்துல ரெண்டு வாரத்துக்கு மேல. இவ்வளவு இருக்கற ஆத்துக்கு அரைப் பக்கம் பத்தலைன்னுதான் நான் சொல்லுவேன்.

போன இதழ்ல ஒரு தப்பு நிஜமாவே இருக்கு, ஆனா அது நீங்க சொன்னது இல்ல. இரும்புப் பாலம் 1779ல திறந்துச்சுன்னு போட்டிருந்தோம். 1779ல வளைவு எழும்பி நின்னுச்சு, ஜனங்க நடக்கவும் வண்டி போகவும் திறந்துவிட்டது 1781 ஜனவரி 1. திருத்தி வாசிச்சுக்குங்க.